கொலொமியாவில் மெழுகும் முட்டையும்

மேற்கு உக்ரைனில், கார்பாத்தியன் மலைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது கொலொமியா. போருக்கு முந்தைய ஓர் ஈஸ்டர் சமயத்தில் லிவிவிலிருந்து ரயிலில் போனேன். ஊர் நடுவே சுமார் 14 மீட்டர் உயரத்துக்கு முட்டை வடிவில் ஒரு கட்டடம். 2000-இல் திறக்கப்பட்ட பிசங்கா (மெழுகால் எழுதிச் சாயம் ஏற்றிய ஈஸ்டர் முட்டை) அருங்காட்சியகம் அது. வெளியே படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், சரக்கெல்லாம் உள்ளேதான்.

ஈஸ்டர் முட்டை என்றதும் ரஷ்ய ஜாருக்கு 1885 முதல் நகைக் கலைஞர் ஃபாபெர்ஜே செய்து கொடுத்த தங்க முட்டைகள்தான் பலருக்கு நினைவு வரும். எனக்கு அவற்றைவிட இந்தக் கோழிமுட்டைகள்தான் பெரிய வேலையாகப் பட்டன. மலைக் கிராமமான கோஸ்மாச்சின் முட்டைகளில் மஞ்சளும் செம்மஞ்சளும் போட்டி போடும். கோடுகள் மயிரிழை அளவுதான். மான், சூரியன், முடிவில்லாமல் சுற்றிவரும் அலைக்கோடு, முட்டை ஓடு முழுவதையும் 40 முக்கோணங்களாகப் பிரிக்கும் ஒரு கட்டம்.

பட்டறையில் ஹுட்சுல் என்ற கார்பாத்தியன் மலைவாழ் இனத்தைச் சேர்ந்த ஓர் அம்மா செய்து காட்டினார். குச்சி நுனியில் பித்தளைக் குழல். அதை மெழுகுவத்தியில் சூடாக்கி, தேன்மெழுகைத் தொட்டு, வெள்ளை முட்டையில் கோடு இழுக்கிறார். இப்போது மூடிய இடம் கடைசிவரை வெள்ளை. அடுத்து மஞ்சள் சாயம். மஞ்சளாக நிற்க வேண்டிய இடத்துக்கு மெழுகு. பிறகு சிவப்பு, கடைசியில் கறுப்பு. பாத்திக் துணி வேலையின் அதே சூட்சுமம். முடிந்ததும் கையில் இருப்பது பார்க்கச் சகிக்காத கரிக்கட்டி. சுடர் ஓரமாகக் காட்டி, உருகும் மெழுகைத் துணியால் துடைக்கத் துடைக்க நிறங்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. எத்தனை பேர் பார்த்தாலும் அந்த நேரத்தில் பேச்சு நின்றுவிடும்.

வேகவைத்து ஒரே நிறத்தில் தோய்த்த கிராஷாங்கா தின்பதற்கு. பிசங்கா வைத்துக்கொள்ள, பழைய வழக்கப்படி வேகவைக்காத முட்டையிலேயே எழுதுவார்கள், உள்ளிருப்பது வருடக்கணக்கில் தானாகக் காய்ந்துவிடும். அதற்குள் விரிசல் விட்டால் வீட்டில் இருக்க முடியாது! இப்போது பலரும் ஊதி வெளியேற்றிவிடுகிறார்கள்.

ஹுட்சுல் மக்களிடம் ஒரு கதை உண்டு. மலைக்குள் சங்கிலியில் கட்டுண்டு கிடக்கும் தீயசக்தி, எத்தனை பிசங்கா எழுதினார்கள் என்று வருடாவருடம் ஆளனுப்பி எண்ணச் சொல்லுமாம். எண்ணிக்கை குறைந்தால் சங்கிலி தளரும்.

2024 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தக் கலையைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. உக்ரைனோடு சேர்ந்து விண்ணப்பித்த நாடு எஸ்தோனியா. அங்கே வாழும் உக்ரைனியர்களும் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.