ஜியோலைட் ப்ராஜெக்ட் வைவாவுல நான் மாட்டின இடமும், அப்புறம் படிச்ச விதமும்

எம்எஸ்சி ப்ராஜெக்ட்ல எனக்கு வந்தது மீத்தேன்ல இருந்து நேரா பென்சீன், கேடலிஸ்ட் (வினையை வேகப்படுத்தற பொருள்) மாலிப்டினம் ஏத்தின இசட்எஸ்எம்-5, அது ஒரு ஜியோலைட், அதாவது நுண்ணிய துளைகள் உள்ள படிகம். வைவாவுக்கு எந்த வாயுவுக்கு எந்த கேடலிஸ்ட்னு பெரிய லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்ணிட்டு போனேன், எக்ஸாமினர் அந்தப் பக்கமே வரல. 700 டிகிரில கன்வெர்ஷன், அதாவது மீத்தேன்ல மாறின பங்கு, 16 சதவீதம்னு என் ஸ்லைடுல இருந்துச்சு, அதைக் காட்டி "இந்த டெம்பரேச்சர்ல ஈக்விலிப்ரியம் எவ்வளவும்மா?"ன்னு மட்டும் கேட்டார். ஈக்விலிப்ரியம்னா அந்த சூட்டுல மாறக்கூடிய உச்ச அளவு, எந்த கேடலிஸ்ட்டும் அதைத் தாண்ட முடியாது. அது சுமார் 12 சதவீதம், ரிப்போர்ட்டோட முதல் சாப்டர்ல நானே டைப் அடிச்ச நம்பர். அப்ப 16 எப்படி வந்துச்சுன்னு கேட்டதும் வாய் அடைச்சுப் போச்சு.

தப்பு எங்கன்னா, ஆறு மீத்தேன் சேந்தா ஒரு பென்சீனும் ஒன்பது ஹைட்ரஜனும் வருது, அதாவது 6 மோல் உள்ள போய் 10 மோல் வெளிய வருது. 100 மோல் மீத்தேன்ல 10 மட்டும் ரியாக்ட் ஆச்சுன்னு வெச்சுக்கங்க, மிச்சம் 90, கூட 15 ஹைட்ரஜன், ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மியா பென்சீன், மொத்தம் 106.7. வாயுக்கலவைய பிரிச்சு அளக்கற ஜிசில (கேஸ் க்ரோமேட்டோகிராஃப்) மீத்தேன் 84.4 சதவீதம்னு காட்டும், நான் அதை 100ல கழிச்சு 15.6னு எடுத்து 16னு ரவுண்ட் வேற பண்ணிட்டேன். ஃபீட்ல கொஞ்சம் நைட்ரஜன் கலந்து விட்டு அந்த பீக்கோட ஒப்பிட்டு கணக்கு போட்டிருந்தா இந்த அசிங்கமே இல்ல, அது எதோடயும் சேராம அப்படியே வெளிய வரும். அப்புறம் நைட்ரஜனோட ஓட்டினப்ப 10 பக்கம்தான் வந்துச்சு.

அதுக்கப்புறம் எந்த ரியாக்‌ஷனா இருந்தாலும் முதல்ல எனர்ஜி நம்பரைத்தான் பாக்கறேன். கார்பன் டை ஆக்சைடையும் மீத்தேனையும் சேத்து சின்கேஸ் (கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் கலவை) பண்றதுக்கு மோலுக்கு 247 கிலோஜூல் உள்ள கொட்டணும், அதனாலதான் 700 டிகிரிக்கு மேல போறாங்க, கேடலிஸ்ட் மேல கோக் (கரிப் படிவு) படியுதுன்னு புலம்பறாங்க. கார்பன் டை ஆக்சைடுல ஹைட்ரஜன் சேத்து மெத்தனால் பண்றது தலைகீழ், சுமார் 49 கிலோஜூல் வெளிய விடும், சூடு ஏத்தினா ஈக்விலிப்ரியம் பின்னாடி போயிடும். ஆனா அந்த மெத்தனாலை எத்திலீன், ப்ரொப்பிலீனா மாத்தற சாப்போ-34ங்கற ஜியோலைட் வகை கேடலிஸ்ட்டுக்கு 350, 400 டிகிரி வேணும். ரெண்டையும் ஒரே ரியாக்டர்ல போட்டா யாருக்கு டெம்பரேச்சர் வெக்கறது? இந்த இழுபறிலதான் நல்ல கேள்வி எல்லாம் வருது. மெத்தனால் உருவான உடனே ஜியோலைட் அதை தின்னுடறதால முதல் ஸ்டெப்பும் முன்னாடி நகரும்னு சொன்னீங்கன்னா எக்ஸாமினர் நிமிந்து உக்காருவார்.

இன்னொண்ணு, நிறைய பேர் எழுதற தப்பு: மெத்தனால் வழியா ஒலிஃபின் (எத்திலீன், ப்ரொப்பிலீன் வகை) பண்ற இந்த ரூட்ல கார்பன் டை ஆக்சைடை ஜியோலைட்டே மாத்திடுதுன்னு எழுதறாங்க. ஹைட்ரஜனேஷன் (ஹைட்ரஜன் சேக்கற) வேலைய செய்யறது கூட இருக்கற மெட்டல் ஆக்சைடு, துத்தநாகம் ஜிர்கோனியம் மாதிரி, ஜியோலைட்டோட ஆசிட் சைட் மெத்தனால் வந்த பிறகுதான் கை வைக்கும்.

துளை அளவு ரெண்டு தெரிஞ்சா போதும். சாப்போ-34 வாசல் 3.8 ஆங்ஸ்ட்ராம், சின்ன ஒலிஃபின் வெளிய வரும், உள்ள உருவாகற அரோமேட்டிக் (பென்சீன் மாதிரி வளையம் உள்ளது) மாட்டிக்கும், அதான் சீக்கிரம் அடைச்சுக்குது. இசட்எஸ்எம்-5 சுமார் 5.5, பென்சீன் வெளிய வந்துடும்.

ஆசிட் சைட் எந்த வகைன்னு பாக்க பிரிடினை ஒட்ட வெச்சு எடுக்கற ஐஆர் (அகச்சிவப்பு) ஸ்பெக்ட்ரம்ல 1545 செமீ⁻¹ பீக் ப்ரான்ஸ்டெட் (ப்ரோட்டான் குடுக்கற) ஆசிட், 1455 லூயிஸ் (எலக்ட்ரான் ஜோடி வாங்கற) ஆசிட், இது மட்டும் மனப்பாடம்தான், வேற வழி இல்ல.

கடைசியா, கார்பன் டை ஆக்சைடோட சேக்கற ஹைட்ரஜன் எங்கிருந்து வருதுன்னு கண்டிப்பா கேப்பாங்க. இயற்கை எரிவாயுல இருந்து எடுத்ததுன்னா அங்கயே கார்பன் டை ஆக்சைடு வெளிய போகுது. என்கிட்டயும் கேட்டாங்க, அது ஒண்ணுதான் நான் திணறாம சொன்ன பதில்.