எட்டு போட எந்த பைக்?

ஆர்டிஓ ஆபீசில் லைசென்ஸ் டெஸ்டுக்கு எட்டு போடும் நேரத்தில் வண்டி நடக்கிற வேகத்தில்தான் போகும். அந்த வேகத்தில் 150 சிசி, 200 சிசி எல்லாம் பாரம்தான். வாங்கப் போகிற வண்டி வேறு, டெஸ்டுக்கு எடுத்துப் போகிற வண்டி வேறு என்று பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் எல்எல்ஆரை (பழகுநர் லைசென்ஸ்) எடுத்துப் பாருங்கள். அதில் எந்த வகைக்கு விண்ணப்பித்தீர்களோ அந்த வண்டியில்தான் டெஸ்ட். ஸ்கூட்டியில் எட்டு போட்டால் கியர் இல்லாத வண்டிக்குத்தான் லைசென்ஸ். டிவிஎஸ் எக்ஸ்எல்லும் அதே கணக்கு. பார்க்க பைக் மாதிரி இருந்தாலும் அதில் கியர் கிடையாது. கியர் வண்டிக்கு வாங்கிவிட்டால் ஸ்கூட்டியையும் ஓட்டலாம் என்பதால், 18 வயது ஆனவர்கள் கியர் வண்டியிலேயே போவதுதான் லாபம்.

எங்கள் தேர்வு 100 சிசி வண்டிகள். ஸ்பிளெண்டர் 110 கிலோ சொச்சம், சீட் உயரம் 785 மி.மீ.; ஷைன் 100 இன்னும் லேசு. புல்லட் 350 கிட்டத்தட்ட 195 கிலோ. எட்டின் நடுவில் அது ஒரு பக்கம் சாயத் தொடங்கினால் காலை ஊன்றாமல் நிமிர்த்துவது புதியவரால் ஆகாது. கால் தரையில் பட்டால் டெஸ்ட் எடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். ஆர்15 மாதிரி குனிந்து ஓட்டும் வண்டிகளில் சிக்கல் வேறு: ஹேண்டில்பார் கொஞ்சம்தான் திரும்பும், வளைவு பெரிதாகிக் கோட்டைத் தாண்டிவிடும். வண்டியை நிறுத்தி ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும்.

கிடைத்த வண்டியில் அடுத்துப் பார்க்க வேண்டியது செயின். தொளதொளவென்று தொங்கினால் ஆக்சிலரேட்டரைத் தொடும்போதெல்லாம் வண்டி வெட்டி வெட்டிப் போகும். எட்டில் பலர் தடுமாறுவது இதனால்தான், பழியை மட்டும் பேலன்ஸ் மேல் போடுகிறார்கள். கிளட்ச் லிவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. ப்ளே, அதாவது கிளட்ச் பிடிக்கும் முன் லிவர் சும்மா ஆடும் இடைவெளி, போதும். முன் டயரில் காற்று குறைந்தால் ஹேண்டில் கனக்கும். பழைய கார்புரேட்டர் வண்டியென்றால் ஐடிலை (ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஒரு பொட்டு ஏற்றி வைக்கலாம். புதிய புகை விதிப்படி வந்த பிஎஸ்6 வண்டியில் அதற்கு வேலையில்லை, எஃப்ஐ (பெட்ரோலை அளந்து தெளிக்கும் எலக்ட்ரானிக் அமைப்பு) தானே பார்த்துக்கொள்ளும்.

ஓட்டும்போது ஆக்சிலரேட்டர் ஒரே அளவில் லேசாக, கிளட்ச் பாதியில், வலது கால் பின் பிரேக்கை உரசினாற்போல. எஞ்சின் இழுக்க, பிரேக் பிடிக்க, நடுவில் செயின் விறைப்பாகவே இருக்கும், வண்டி ஆடாது. முன் பிரேக்கைத் தொடவே கூடாது. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது அதைப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே படுத்துவிடும். புது 100 சிசி வண்டிகளில் இரண்டு பிரேக்கையும் இணைக்கும் சிபிஎஸ் இருப்பதால் பின் பிரேக்கை அழுத்தினாலே முன் சக்கரத்திலும் கொஞ்சம் பிடிக்கும். அதனால்தான் உரசினால் போதும் என்கிறோம். கண் முன் டயரில் வேண்டாம், அடுத்து திரும்ப வேண்டிய இடத்தில் இருக்கட்டும்.

கியர் போடும் முறையும் வண்டிக்கு வண்டி மாறும். ஸ்பிளெண்டரில் நாலு கியரும் முன்னால் மிதிப்பது. பல்சரில் ஒன்று கீழே, மற்றவை மேலே. ஒன்றில் பழகி இன்னொன்றில் டெஸ்டுக்குப் போனால் பதற்றத்தில் கால் பழைய பக்கமே போகும். இரவல் வண்டியானால் இரண்டு மூன்று நாள் முன்பே வாங்கி அதிலேயே எட்டு போட்டுப் பழகுங்கள்.

ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் தேதி தாண்டாமல் இருக்க வேண்டும். இரவல் வண்டியில் பெரும்பாலும் காலை வாருவது புகைச் சான்றுதான். எல் போர்டு 18 செ.மீ. சதுர வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்தாக, முன்னும் பின்னும். ஹெல்மெட் கட்டாயம், ஸ்ட்ராப்பும் போட்டிருக்க வேண்டும். முறை வந்ததும் சைடு ஸ்டாண்டை எடுத்தாயிற்றா என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள். புது வண்டிகளில் அது இறங்கியிருந்தால் கியர் போட்டவுடன் எஞ்சின் ஆஃப் ஆகிவிடும்.