உள்விளிம்பு மொட்டையாகும் டயர்: கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார்நிறுத்தத்தில் வண்டியை விட்டு இறங்கிப் பார்த்தால் டயர் நன்றாகத்தான் இருக்கும். வெளிப்பக்கப் பள்ளங்கள் ஆழமாகத் தெரியும். அதே டயரின் உட்பக்கத்தில் கம்பி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். சிங்கப்பூரில் காருக்கு 3 வயதிலிருந்து 10 வயது வரை ஈராண்டுக்கு ஒருமுறைதான் கட்டாயப் பரிசோதனை, அதற்குப் பிறகே ஆண்டுதோறும். இடைப்பட்ட காலத்தில் குனிந்து பார்க்க வேண்டியது ஓட்டுபவர்தான்.

முன்டயரைப் பார்ப்பது எளிது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி நிறுத்தினால் ஒரு சக்கரத்தை முன்னாலிருந்தும் மற்றதைப் பின்னாலிருந்தும் முழு அகலத்துக்குப் பார்க்கலாம். பின்டயருக்குக் கைப்பேசியின் விளக்கைப் போட்டு பம்பருக்குக் கீழே நீட்டி வீடியோ எடுத்தால் போதும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விட வேண்டாம்.

அடுத்தது அளவு. கண் ஏமாற்றும், ஆழமானி ஏமாற்றாது. உள், நடு, வெளி என மூன்று பள்ளங்களிலும், டயரைச் சுற்றி மூன்று இடங்களிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புது டயரில் பெரும்பாலும் 7 முதல் 8 மி.மீ. இருக்கும். சட்டப்படி குறைந்தது 1.6 மி.மீ. வேண்டும், பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கும் சிறு மேடுகள் அந்த மட்டத்தைக் காட்டும். டிசம்பர் மழையில் விரைவுச்சாலையில் போகிறவர்கள் 3 மி.மீ.-இலேயே மாற்றிவிடுவது நல்லது.

எண்களே காரணத்தைச் சொல்லிவிடும். இரு ஓரமும் 3.5, நடு 5.5 என்றால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். உள்விளிம்பு 3, வெளிவிளிம்பு 5.5 என்றால் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணச் சீரமைப்பு) பக்கம் போக வேண்டும். முன்டயர் ஒன்றின் வெளித்தோள் மட்டும் தேய்ந்தால், தினமும் ஏறி இறங்கும் கார்நிறுத்தத்தின் சுழல்பாதையையும் சந்தேகிக்கலாம். வலப்பக்கமாக வளையும் பாதையில் அதிகப் பாரம் இடது டயரின் மேல்தான் விழும். சுற்றிலும் விட்டுவிட்டுக் குழி விழுந்திருந்தால் அப்சார்பர் (அதிர்வுதாங்கி) தளர்ந்திருக்கும் அல்லது சக்கரச் சமநிலை கெட்டிருக்கும். பிறகு உள்ளங்கையை டயரின் குறுக்கே இரு திசையிலும் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பு, எதிர்த்திசையில் ரம்பம் போல் குத்தினால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) தவறியிருக்கிறது. தடவுமுன் கம்பி வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், விரலைக் கிழித்துவிடும்.

காற்றில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் அட்டையில் உள்ள அளவு, குளிர்ந்த டயருக்கானது. டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு; அதுவரை ஏற்றக் கூடாது. பெட்ரோல் நிலையத்துக்கு ஓட்டிப் போவதற்குள் டயர் சூடாகி 2, 3 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) கூடிவிடும். அங்கே தேவையான 33 காட்டுகிறதே என்று விட்டுவிட்டால் மறுநாள் காலையில் 30தான். அதனால் காலையில், ஓட்டுமுன், சொந்தமாக ஒரு அளவுமானி வைத்து அளந்துகொள்ளுங்கள். தேவை 33, இருப்பது 28 என்றால் குறை 5. நிலையத்தில் சூட்டோடு 31 காட்டினால் 36 வரை ஏற்றுங்கள். இயந்திரம் கிலோபாஸ்கலில் இருந்தால் குழம்ப வேண்டாம், 230 என்பது ஏறத்தாழ 33 பிஎஸ்ஐ.

உள்விளிம்பு தேய்ந்தால் உடனே கேம்பரைத்தான் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) குறை சொல்வார்கள். பெரும்பாலும் டயரை வேகமாகத் தின்பது டோ. ஒரு சக்கரத்தின் டோ 0.2 டிகிரி தவறினாலே, ஒவ்வொரு கிலோமீட்டரிலும் அந்த டயர் சுமார் மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் உரசுகிறது. 10,000 கிலோமீட்டருக்கு 35 கிலோமீட்டர்! ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தாழ்த்தியவர்களுக்குக் கேம்பரும் டோவும் சேர்ந்தே மாறும். தாழ்த்திய அன்றே அலைன்மென்ட் செய்யாவிட்டால் டயர்க் காசு போயிற்று.

பட்டறையில், அது பட்டறைகள் நிறைந்த சின் மிங்கோ காக்கி புக்கிட்டோ, முதலில் கேட்க வேண்டியது அலைன்மென்ட் அல்ல. வண்டியைத் தூக்கி டை ராட் முனை, பால் ஜாயின்ட், லோவர் ஆர்ம் புஷ் (ரப்பர் உறை) ஆகிய ஸ்டியரிங், சஸ்பென்ஷன் இணைப்புகளை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். புஷ் கிழிந்திருந்தால் இயந்திரத்தில் சரியாக வைத்த டோ, பிரேக் மிதித்ததும் நகர்ந்துவிடும். இதைச் செய்யாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அலைன்மென்ட்டுக்குக் காசு கொடுப்பது வீண். அலைன்மென்ட் செய்யும்போது காற்றும் அட்டை அளவில் இருக்க வேண்டும், பின்பெட்டியில் கிடக்கும் பாரத்தையும் இறக்கிவிடுங்கள்.

வேலைக்கு முன்பும் பின்பும் எடுத்த இரண்டு அச்சுத்தாள்களையும் கேட்டு வாங்குங்கள். பச்சை நிறம் (எண் வரம்புக்குள் என்று பொருள்) வந்தால் போதும் என்று சிலர் விட்டுவிடுவார்கள். பச்சையின் ஓரத்தில் நிற்கும் எண்ணும் பச்சைதான். இடதும் வலதும் ஏறக்குறைய ஒன்றாக, வரம்பின் நடுவில் இருக்க வேண்டும். அலகையும் பாருங்கள்: 0.10 டிகிரி என்பது 6 நிமிடம் (ஒரு டிகிரிக்கு 60 நிமிடம்), 10 நிமிடம் அல்ல. பின்சக்கரத்தில் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் உத்திரம்) உள்ள சிறு கார்களில் பின்பக்கத்தைத் திருகித் திருத்த வழியிருக்காது. பல கார்களில் முன்பக்கக் கேம்பரும் அப்படியே. அதில் சிவப்பு வந்தால் வளைந்த பாகம் எது என்று தேட வேண்டும். நம் ஊரில் இடதுபக்கச் சக்கரம்தான் சாலைத் திட்டில் இடிபடும், அங்கிருந்து தொடங்கலாம்.

தேய்ந்த டயர் அலைன்மென்ட்டால் பழைய உருவத்துக்குத் திரும்பாது, அதனால் வரும் இரைச்சலும் கொஞ்ச நாள் தொடரும். வண்டி இன்னும் ஒரு பக்கம் இழுத்தால் முன்டயர்களை இடம் வலம் மாற்றிப் பாருங்கள் (சுழல் திசை அம்புக்குறி உள்ள டயராக இருந்தால் இது முடியாது). இழுப்பும் திசை மாறினால் குற்றம் டயரில்.

டயர்களின் இட மாற்றத்தை 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்குள் செய்யலாம். எடை கூடிய மின்கார்களுக்கு இன்னும் முன்னதாக. முன்சக்கர இழுவைக் காரில் முன்டயர்கள் நேராகப் பின்னால் போகும், பின்டயர்கள் குறுக்காக முன்னால் வரும். அம்புக்குறி உள்ளவை அதே பக்கத்தில் முன்பின்னாக மட்டும். முன்னும் பின்னும் வேறு அளவு டயர் என்றால் இந்தப் பேச்சே இல்லை. இரண்டு மட்டும் புதிதாக வாங்கினால் அவற்றைப் பின்னால் போடுங்கள். மழையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியை அடக்குவது கடினம்.

வீல் நட்டை இயந்திரத் துப்பாக்கியால் மட்டும் இறுக்கிவிட்டு அனுப்ப விடாதீர்கள். டார்க் ரென்ச்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் திருகி), கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். ஜப்பானியச் சிறு கார்கள் பலவற்றுக்கு அது 100 நியூட்டன் மீட்டரை ஒட்டியிருக்கும். ஜோகூருக்கு ஒருமுறை போய் வந்த பிறகு, டயர் ஆறியதும், அதே ரென்ச்சால் மறுபடி ஒருமுறை சரிபார்க்கலாம்.