அம்மாவுக்கு ஒரு வாரம் பிரஷர் பார்த்த கதை

குடியாத்தத்திலிருந்து வேலூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, இறங்கியதும் ஒரு காபி குடித்து, கிளினிக்கின் மாடிப்படி ஏறி உட்கார்ந்தார் அம்மா. உட்கார்ந்த உடனே ரவிக்கைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார்கள். 172/104. மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். திரும்பும்போது அம்மா வழியெல்லாம் பேசவே இல்லை. பெரியம்மா பக்கவாதத்தில் விழுந்தது பிரஷரால்தான்.

வந்த வேகத்தில் பார்த்த அளவை நம்ப எனக்கு மனசு ஒப்பவில்லை. அன்று மாலையே எங்கள் ஊர் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். தலைவலி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் உண்டா என்று கேட்டார், எதுவும் இல்லை. ஒரு வாரம் வீட்டில் அளந்து எழுதி வரச் சொல்லிவிட்டு, ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் மாட்டினார். பட்டை இறுகியபோது ஒன்றும் கேட்கவில்லை. காற்றை மெல்ல விட்டதும் டப், டப் என்று ஆரம்பித்தது. நெரிபட்ட குழாய்க்குள் ரத்தம் முட்டி நுழைகிற சத்தம் அது. ஆரம்பிக்கும் இடம் மேல் அளவு. குழாய் முழுக்கத் திறந்ததும் சத்தம் அடங்கிவிடுகிறது. அது கீழ் அளவு. தடையில்லாமல் ஓடும் ரத்தம் அங்கே சத்தமே போடுவதில்லை. ரத்தக்குழாயின் உள் அகலம் பாதியானால் ஓட்டத்துக்குத் தடை 16 மடங்காகும் என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்குப் பெரியம்மா முகம்தான் நினைவுக்கு வந்தது.

மெஷின் வாங்கினோம். அம்மாவின் கை கொஞ்சம் பருமன், அதனால் பெரிய பட்டையாகக் கேட்டு வாங்கினேன். சின்னப் பட்டை அளவைக் கூட்டிக் காட்டுமாம். காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை. சாய்ந்து 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும், காலைக் குறுக்கே போடக்கூடாது, கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். எங்கள் மேசை தாழ்வு, போர்வையை மடித்துக் கைக்கு அடியில் வைத்தேன். பேசாமல் இருப்பதுதான் அம்மாவுக்குக் கஷ்டம். "குக்கர் எத்தனை விசில்டா?" என்று கேட்ட அன்று மேல் அளவு 12 கூடிவிட்டது. அதை அடித்துவிட்டு மறுபடி அளந்தோம்.

முதல் நாளைத் தள்ளிவிட்டு மற்ற ஆறு நாளுக்குச் சராசரி போட்டார் டாக்டரம்மா: 146/91. வீட்டு அளவு 135/85ஐத் தொட்டாலே அதிகம்தான். ஆக, பிரஷர் இருந்தது உண்மை. ஆனால் முன்பு எழுதியதைவிடக் குறைந்த அளவு மாத்திரையே போதும் என்றார். உப்பு எல்லாம் சேர்த்து நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவு. மாங்காய் ஊறுகாய் ஜாடி பக்கத்து வீட்டுக்குப் போனது. அம்மாவுக்கு அதுதான் பெரிய வருத்தம்.

இப்போது 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. போன வாரம் வந்த பெண் பையைத் திறந்ததும் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார், போர்வையை மடித்து வைத்தார். "அஞ்சு நிமிஷம் உட்காரும்மா, அப்புறம் பாரு."