வீட்டுக் கம்ப்யூட்டர் மாறுகிறது: டிசம்பர் குறிப்புகள்

2 டிசம்பர் 2025, செவ்வாய்

டிட்வா புயல் வலுவிழந்த பிறகும் சென்னையை விட்டு நகர மாட்டேன் என்று கொட்டிக்கொண்டிருக்கிறது. கரண்ட் காலையிலிருந்தே வருவதும் போவதுமாக இருந்தது. மதியம் வந்தபோது ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் ஓடின, கம்ப்யூட்டர் மட்டும் எழவில்லை. பட்டனை அழுத்தினால் உள்ளே காற்றாடி அரைச்சுற்று சுற்றி நின்றுவிடுகிறது.

2014-இல் அசெம்பிள் செய்தது. நான்காம் தலைமுறை ஐ3 பிராசசர், ஹெச்81 போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ராம். நடுவில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டதால்தான் இத்தனை வருஷம் ஓடியது. நான் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருக்கும் நாவல் மெயிலிலும் இருப்பதால் பெரிய பதற்றம் இல்லை. பதற்றமெல்லாம் என் வீட்டுக்காரருக்குத்தான். அவருடைய மருந்துக்கடைக் கணக்கு முழுக்க டாலி என்ற கணக்கு மென்பொருளில், டாலி முழுக்க இந்தப் பெட்டியில்.

4 டிசம்பர், வியாழன்

தெருமுனை சர்வீஸ் தம்பி வந்து வேறு எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி) மாட்டிப் பார்த்தார். அதே அரைச்சுற்று. போர்டில் பிராசசர் பக்கத்துக் கெப்பாசிட்டர் இரண்டு தலை உப்பியிருந்தன. "பழைய போர்டு ஒண்ணு தேடிப் போட்டுரலாம்க்கா, ரெண்டாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார்.

போடலாம்தான். ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்தாலும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். நம்முடையது நான்கு. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டால் எனக்குப் போதும்: பிடிஎஃப்பில் குறி போடவும் தமிழில் தட்டவும் அதில் எல்லாம் இருக்கிறது. டாலி விண்டோஸ் இல்லாமல் ஓடாது. அதோடு, பதினோரு வருஷப் பெட்டிக்கு யாரோ கழற்றிப் போட்ட போர்டு மாட்டிவிட்டு, அதில் ஜிஎஸ்டி கணக்கை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. எஸ்எஸ்டியை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டேன்.

6 டிசம்பர், சனி

ராத்திரிச் சாப்பாட்டில் பஞ்சாயத்து. அவரும் மகனும் லேப்டாப் கட்சி. "யுபிஎஸ் வேண்டாம், இடம் அடைக்காது, எங்கே வேணும்னாலும் எடுத்துட்டுப் போலாம்மா" என்கிறான்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு உதைக்கிறது. எடுத்துட்டுப் போகலாம் என்றால் எடுத்துக்கொண்டு போகத்தான் போகிறான். பகலில் கல்லூரி, மாலையில் நண்பன் வீடு, ராத்திரி போர்வைக்குள். நான் உட்காரும்போது சார்ஜ் இருக்காது, இவர் உட்காரும்போது லேப்டாப்பே இருக்காது. மூன்று பேர் மாறி மாறி உட்காரும் சாமான் ஓரிடத்தில் இருக்க வேண்டும். கூடத்தின் மூலையில் அந்த மேஜை இருக்கிறவரை யார் எந்த நேரத்தில் உட்காரலாம் என்பதற்கு ஒரு வழக்கம் இருந்தது. அதை முப்பத்தைந்தாயிரம் கொடுத்துக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா?

இன்னொன்று. கல்லூரி மாணவர்கள் இருபது லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று மார்ச் மாத பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. இவன் படிப்பது அரசுக் கல்லூரி. இவன் முறை எப்போது வருமோ, ஆனால் வரும்போது வீட்டில் இரண்டு லேப்டாப், ஒரு காலி மேஜை என்று நிற்கும்.

7 டிசம்பர், ஞாயிறு

இருந்தாலும் பார்க்காமல் வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்று ஷோரூமுக்குப் போனோம். விற்பனைப் பையன் எடுத்ததுமே, "ரைசன் 5, 7000 சீரிஸ், லேட்டஸ்ட் சார்" என்று ஒன்றைத் திறந்து வைத்தார். மகன் அடியில் ஒட்டியிருந்த எண்ணைப் படித்தான்: 7520யு. வெளியே வந்து விளக்கினான். அந்த வரிசையில் முதல் எண் வருஷத்தைத்தான் சொல்லும். பிராசசர் எந்தத் தலைமுறை என்பது மூன்றாவது எண்ணில் இருக்கிறதாம். 7520-இல் அது 2, அதாவது ஜென் 2, நான்கு கோர். 7530 என்றால் ஜென் 3, ஆறு கோர். பெயரில் இரண்டுமே ரைசன் 5. 7520-இல் ராமும் போர்டிலேயே சோல்டர் செய்தது. 8 ஜிபி வாங்கினால் சாகும்வரை 8 ஜிபிதான். என் பையன் நன்றாகத்தான் படிக்கிறான் போல.

எனக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். நான் பென் டிரைவில் கொண்டுபோயிருந்த பிடிஎஃப்பை அங்கேயே திறந்து பார்த்தேன். பத்தரைப் புள்ளி எழுத்தில் அமைத்த பக்கம். 15.6 அங்குலத் திரையில் முழுப் பக்கம் தெரிய வைத்தால் மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிறதா, திரையின் தூசியா என்று தெரியவில்லை. பெரிதாக்கினால் பாதிப் பக்கம்தான் தெரிகிறது, ஓடும் தலைப்பும் பக்க எண்ணும் கண்ணிலிருந்து போய்விடும். ண-வையும் ன-வையும் நாளெல்லாம் பிரித்துப் பார்க்கிறவளுக்கு 1920-க்கு 1080 திரைப்புள்ளிகள் என்று காகிதத்தில் எழுதியிருப்பது மட்டும் போதாது. அதே எண்ணிக்கைப் புள்ளிகள் 22 அங்குல மானிட்டரில் விரியும்போதுதான் மூலமும் திருத்தமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க முடிகிறது. விலை மலிவான லேப்டாப்களின் திரை 250 நிட்ஸ் வெளிச்சம்தான். எங்கள் கூடத்து ஜன்னல் மேற்குப் பார்த்தது.

லேப்டாப்புக்கு வெளி மானிட்டர் போடலாமே என்றார் அவர். போடலாம். அப்புறம் கீபோர்டு, மவுஸ், ஸ்டாண்டு. அதற்குப் பெயர் டெஸ்க்டாப்தானே.

9 டிசம்பர், செவ்வாய்

புதிதாக அசெம்பிள் செய்யக் கொட்டேஷன் வாங்கினார் அவர். 12-ஆம் தலைமுறை ஐ3, ஹெச்610 போர்டு, 16 ஜிபி ராம், 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. கொட்டேஷனில் ராம் இருக்கும் வரியைப் பார்த்து எழுத்துப்பிழையோ என்று நினைத்தேன். பிராசசரின் விலையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன்னால் மூன்றில் ஒரு பங்குகூட இருந்திருக்காது என்று கடைக்காரரே அலுத்துக்கொண்டாராம். நாளை வந்தால் இந்த விலையும் இருக்காது என்றும் சொல்லியனுப்பியிருக்கிறார். வழக்கமான கடைப்பேச்சு என்று தள்ள முடியாதபடி செய்தியும் அப்படியே இருக்கிறது: ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி போதவில்லை, சிப் செய்கிறவர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப்போன்ற வீட்டுக்காரர்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தையே நிறுத்தப்போவதாகப் போன புதன்கிழமைதான் அறிவித்தது.

ஆக, இந்த வருஷம் ராமைப் புதிதாக வாங்காமல் தப்பிப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

ஆப்பிளின் மேக் மினி என்று என் தம்பி வாட்ஸாப்பில் ஆரம்பித்தான். நான் தட்டும் தமிழ்99 விசைப்பலகை அதிலேயே உண்டு, அழகாகவும் இருக்கும். ஆனால் டாலி? ஆல்-இன்-ஒன் என்றார் பக்கத்து வீட்டு மாமா. மானிட்டர் போனால் கம்ப்யூட்டரும் போச்சு. அடுத்து.

13 டிசம்பர், சனி

மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடை. நானும் மகனும். ஐ.டி. கம்பெனிகள் மொத்தமாகக் கழிக்கும் மினி பிசிக்கள் அங்கே அலமாரி அலமாரியாக அடுக்கியிருக்கின்றன. ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, திங்க்சென்டர் டைனி, எலைட்டெஸ்க் மினி என்று மூன்று ஜாதி. எல்லாமே ஒரு டிபன் பாக்ஸ் அளவுதான்.

மாடிக் கடை ஒன்றில் ஆப்டிபிளெக்ஸ் 3060 மைக்ரோ. ஐ5-8500டி, எட்டாம் தலைமுறை, ஆறு கோர், 35 வாட். 8 ஜிபி, 256 ஜிபி என்விஎம்இ, விண்டோஸ் 11 ப்ரோ. முதலில் பதினாறாயிரத்து ஐந்நூறு என்றார். பில்லோடு பதினைந்தில் முடிந்தது, கடை வாரண்டி ஒரு வருஷம்.

பணம் எடுப்பதற்கு முன்னால் மகன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயாஸுக்குள் போய் பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு பூட்டு இருக்கிறதா, டிபிஎம் 2.0 என்று காட்டுகிறதா. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ ஓட்டி எஸ்எஸ்டியின் ஆரோக்கியம். விண்டோஸ் ஆக்டிவேட் ஆனதுதானா. முதலில் எடுத்துத் தந்த பெட்டியில் எஸ்எஸ்டி அறுபத்தெட்டு சதவீதம் என்று காட்டியது. கடைக்காரர் முகம் சுளிக்காமல் வேறொன்று எடுத்துத் தந்தார், அதில் தொண்ணூற்று நான்கு. மூடியைத் திறந்தும் பார்த்தோம். ராம் ஸ்லாட் இரண்டில் ஒன்று காலி, 2.5 அங்குல டிஸ்க் மாட்டும் தட்டும் காலி. இரண்டுக்கும் வீட்டிலேயே சாமான் இருக்கிறது.

எங்கள் பழைய மானிட்டரில் விஜிஏ என்ற பழைய இணைப்பு மட்டும்தான், இதிலோ ஹெச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளே போர்ட்டும். கன்வெர்ட்டர் போதும் என்றான் மகன். விஜிஏ வழியே எழுத்தின் விளிம்பு மங்கும், கண் வலிக்கிறது என்று நான் முனகிக்கொண்டிருந்ததே அதனால்தான். மிச்சமான பணத்தில் 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் ஒன்று புதிதாக வாங்கினோம். இதில் மட்டும் நான் பேரம் பேசவில்லை.

14 டிசம்பர், ஞாயிறு

பழைய எஸ்எஸ்டியைத் தட்டில் மாட்டியதும் டாலி டேட்டா, என் கோப்புகள், பையன் ஒன்றாம் வகுப்பில் வரைந்த யானை எல்லாம் அப்படியே வந்தன. தம்பியின் செத்துப்போன லேப்டாப்பில் 8 ஜிபி டிடிஆர்4 ராம் ஒன்று சும்மா கிடந்தது. வேகம் 2400, இதில் இருப்பது 2666. இரண்டும் குறைந்த வேகத்தில் சேர்ந்து ஓடும், மொத்தம் 16 ஜிபி. பழைய பெட்டியின் டிடிஆர்3 மட்டும் யாருக்கும் உதவாது, காடியே வேறு.

வைஃபை இல்லாமல் வந்த மாடல் இது. ரவுட்டர் அதே மூலையில்தான் இருக்கிறது, ஒயர் போட்டாயிற்று. விண்டோஸிலேயே தமிழ்99 சேர்த்துக்கொண்டேன்.

அவர் கேட்டது ஒரே கேள்வி: கரண்ட் பில். பழைய டவரும் மானிட்டரும் 80 வாட் என்று வைத்தால், தினம் எட்டு மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 38 யூனிட். இது மானிட்டரோடு 40 வாட்டுக்குள் அடங்கினால் 19. தூக்கிக் கொண்டாட ஒன்றுமில்லை. ஆனால் கோடையில் ஏசியோடு 500 யூனிட் கோட்டில் தொங்குகிற வீடு எங்களுடையது. 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் ரேட் ஏறிவிடும். அவருக்கு இந்தக் கணக்கு பிடித்திருந்தது.

17 டிசம்பர், புதன்

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, ஒன்பது முதல் இரண்டு வரை. யுபிஎஸ் கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. இத்தனை சின்னப் பெட்டிக்கு அது அரை மணிக்கு மேலே கொடுக்க வேண்டும். பேட்டரி போய்விட்டது என்று அர்த்தம். லேப்டாப் கட்சி இரண்டும் என்னைப் பார்த்துச் சிரித்தன. 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி ஒன்று சொல்லியிருக்கிறேன், பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழிப்பார்களாம். நாவலில் இன்னும் எழுபது பக்கம் பாக்கி, வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும்.