கொண்டைக்குக் கொண்டை ஜோடி சேர்க்காதீர்கள்

உச்சந்தலையில் இறகுக் குடுமி உள்ள கொண்டை வாத்து கேட்டு ஆற்காடு, குடியாத்தம், ஆரணிப் பக்கமிருந்து எனக்குப் போன் வந்துகொண்டே இருக்கிறது. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: ஆணுக்கும் கொண்டை வேண்டும், பெட்டைக்கும் கொண்டை வேண்டும். தயவுசெய்து அப்படி வாங்காதீர்கள்.

கொண்டை வருவது ஒரே ஒரு மரபணு மாற்றத்தால். தாயிடமோ தகப்பனிடமோ அது வந்தாலே போதும், குஞ்சுக்குக் கொண்டை வந்துவிடும். இரண்டு பக்கமும் வந்துவிட்டால் கரு பிழைக்காது, முட்டைக்குள்ளேயே செத்துவிடும். அதாவது கொண்டையோடு உயிரோடு திரியும் எந்த வாத்திடமும் அந்த மாறிய மரபணு ஒரு பக்கத்திலிருந்து வந்ததாக மட்டும்தான் இருக்கும். இப்போது கணக்கைப் பாருங்கள். இரண்டும் கொண்டையாக இருந்தால், கரு பிடித்த 100 முட்டையில் சராசரியாக 25 சாகும், 50 கொண்டை, 25 சாதாத் தலை. ஒன்று மட்டும் கொண்டை, இன்னொன்று சாதா என்றால் 50 கொண்டை, 50 சாதா. கொண்டைக் குஞ்சு இரண்டிலும் அதே 50தான்! கூடுதலாகக் கிடைப்பது அந்த 25 சாவு மட்டும்தான், அதற்கு இன்குபேட்டரையும் கரண்ட் கட்டையும் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

கொண்டை வெறும் இறகு அல்ல. அதன் அடியில் கொழுப்புத் திரட்சி இருக்கும், பல வாத்துகளுக்கு அந்த இடத்தில் மண்டையோட்டில் ஓட்டையும் இருக்கும், சிலவற்றுக்கு மூளைக்குள்ளேயே கொழுப்பு சேர்ந்து நடை தள்ளாடும், மல்லாக்க விழுந்தால் எழ முடியாது. 1874லேயே அமெரிக்காவில் வெள்ளைக் கொண்டை வாத்தைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டார்கள், இத்தனை காலம் தேர்ந்தெடுத்து வளர்த்தும் இந்தக் குறை போகவில்லை. அதனால் பெரிய கொண்டையைப் பார்த்து மயங்காமல், முதலில் நடக்கவிட்டுப் பாருங்கள். கழுத்தைச் சாய்க்கிற, தடுமாறுகிற வாத்தை எக்காரணம் கொண்டும் இனவிருத்திக்கு விடக்கூடாது. இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

சரி, சாதா ஜோடிக்கு எங்கே போவது? நம்ம ஊர்லயே இருக்கு. அறுப்பு முடிந்த வயலில் மேய்கிற நாட்டு வாத்து, கீரி வகையோ சன்னாசி வகையோ, நல்லாவே சேரும். மணிலா வாத்து மட்டும் வேண்டாம், அது வேறு உயிரினம், கலப்புக் குஞ்சு மலடாகிவிடும். கொண்டை ஆணுக்கு நாலைந்து சாதாப் பெட்டை விடுங்கள். சேரும்போது ஆண் அலகால் பிடிப்பது பெட்டையின் பிடரியையும் தலையிறகையும்தான், பெட்டை கொண்டையாக இருந்தால் அது பிய்ந்து புண்ணாகிவிடும்.

முட்டை பொரிய 28 நாள். குஞ்சு வந்த அன்றே உச்சந்தலையைப் பார்த்தால் கொண்டை தெரிந்துவிடும், தனியாக வளையம் போட்டு வையுங்கள். கொண்டை இல்லாததைக் கறிக்குத் தள்ளிவிடாதீர்கள், அடுத்த வருஷம் வேறொருவர் வீட்டுக் கொண்டை ஆணுக்கு அதுதான் சரியான பெட்டை.