டிக்கியில் இன்னொரு பேட்டரி

இரவில் ஓட்டும்போது பாட்டின் ஒவ்வோர் அதிர்வுக்கும் முகப்பு விளக்கு மங்கி மங்கி எரிந்ததால்தான் என் காரில் இரண்டாவது பேட்டரி வைக்கும் எண்ணம் வந்தது. அந்தக் குறைக்கு இது மருந்தல்ல என்பது செலவு செய்த பிறகே புரிந்தது. என்ஜின் ஓடும்போது மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர். பேட்டரி மொட்டைமாடித் தொட்டியைப் போன்றது. தொட்டியை இரண்டாக்கினால் தேங்கும் தண்ணீர் கூடுமே தவிர, மோட்டார் ஏற்றும் தண்ணீர் கூடாது. என் 600 வாட் ஆம்ப்ளிஃபையர், 80 சதவீதத் திறனில் இயங்குவதாகக் கொண்டாலும், முழுச் சுமையில் 55 ஆம்பியர் வரை இழுக்கும். ஏசியும் விளக்குகளும் கேட்பது தனி. விளக்கு மங்குவதை உண்மையில் குறைத்தது, பேட்டரியிலிருந்து பாடிக்கும் பாடியிலிருந்து என்ஜினுக்கும் சென்ற மெல்லிய எர்த் வயர்களைத் தடித்ததாக மாற்றியதுதான்.

அப்படியானால் இரண்டாவது பேட்டரி எதற்கு? வண்டியை நிறுத்திவிட்டு அந்த பேட்டரியில் பாட்டுக் கேட்டாலும், மறுபடி சாவியைத் திருப்பும்போது ஸ்டார்ட் ஆகுமா என்று அஞ்சாமல் இருப்பதற்கு. அதற்கு இரண்டையும் எந்நேரமும் இணைத்தே வைக்கக் கூடாது. நான் பொருத்திய ரிலே என்ற தானியங்கி ஸ்விட்ச், மின்னழுத்தம் 13.3 வோல்ட்டுக்கு ஏறியதும், அதாவது ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யத் தொடங்கியதும், இரண்டையும் இணைக்கிறது, 12.8க்கு இறங்கினால் பிரித்துவிடுகிறது. எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தை அவ்வப்போது தானே குறைக்கும் புதிய கார்களில் இந்த ரிலே சரிப்படாது. அவற்றுக்கு, வரும் மின்னழுத்தம் குறைந்தாலும் தேவையான அளவுக்கு உயர்த்தித் தரும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். டிக்கி பயணிகள் அமரும் பகுதியோடு சேர்ந்தே இருப்பதால், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜனை வெளிவிடும் சாதாரண பேட்டரியைத் தவிர்த்து, அமிலம் கண்ணாடியிழை விரிப்பில் ஊறியிருக்கும் மூடப்பட்ட ஏஜிஎம் வகையில் 40 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றை வாங்கினேன்.

முதலில் வயரிங் செய்துகொடுத்த கடையில் முன்பக்க பேட்டரியருகே மட்டும் ஒரு ஃபியூஸ் போட்டிருந்தார்கள். சில மாதங்கள் கழித்துத் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது, சீட் நகரும் தண்டவாளத்தில் உரசி உரசி, இரு பேட்டரிகளையும் இணைக்கும் கேபிளின் சிவப்பு உறை தேய்ந்து, நகக்கண் அளவுக்குச் செம்பு பளபளத்தது. அந்த இடம் பாடியைத் தொட்டிருந்தால் முன்பக்க ஃபியூஸ் எரிந்து அறுந்திருக்கும். ஆனால் மறுமுனையில் இருக்கும் பேட்டரியைத் தடுக்க எதுவுமே இல்லை. கேபிளின் இரு முனையிலும் மின்சாரம் இருக்கும்போது இரு முனையிலும் ஃபியூஸ் வேண்டும், அதுவும் அந்தந்த பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள். ஃபியூஸ் காப்பது ஆம்ப்ளிஃபையரை அல்ல, கேபிளை.

மறுநாளே பேட்டரிகளின் நெகட்டிவ் முனைகளை முதலில் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் மாற்றினேன். ஐந்து மீட்டர் நீளத்துக்கு 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள், 100 ஆம்பியரில் அரை வோல்ட்டுக்கு மேல் இழக்கும். 35 சதுர மில்லிமீட்டரில் இழப்பு கால் வோல்ட்தான். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிள் மலிவாகக் கிடைத்தாலும், அதே தடிமனில் மின்தடை ஒன்றரை மடங்குக்கும் அதிகம் என்பதால் அதை ஒதுக்கினேன். என்ஜின் பகுதியிலிருந்து உள்ளே வரும் துளையில் ரப்பர் புஷ், இரு முனையிலும் 150 ஆம்பியர் ஃபியூஸ், டிக்கியில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு தெரிந்த இடத்தில் எர்த்.

போன வாரம் என்ஜினை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்டேன். மல்டிமீட்டரில் பின்பக்க பேட்டரி 12.2 காட்டியது, முன்பக்கம் 12.6. வண்டி முதல் திருப்பலிலேயே ஸ்டார்ட் ஆனது.